வால் தாழ்ந்த ஹெரால்ட்

கல்பகம் காரைக் கவிழ்த்தாள் என்று செகந்திராபாத் மாரெட்பள்ளியில் சொல்லாத வாய் இல்லை. கார் கவிழ்ந்தது என்று ஒரு வாயும் சொல்லவில்லை. ஓட்டியது ஓர் ஆண்பிள்ளையாக இருந்திருந்தால் ரோடு சரியில்லை, எருமை குறுக்கே வந்தது, டயர் தேய்ந்திருந்தது, சனி பார்வை சரியில்லை என்று நாலு காரணம் வரிசை கட்டி நின்றிருக்கும். பெண்பிள்ளை ஓட்டினால் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று ஒருத்தி பிடித்த பிடிவாதம்தான் இந்தக் கதை.

கல்பகம் பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத்தில். வீட்டுக்குள் தஞ்சாவூர்த் தமிழ். வாசலைத் தாண்டினால் தெலுங்கும் தக்கனி உருதுவும். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டீச்சர் டிரெய்னிங் போகச் சொன்னார்கள். பாலிடெக்னிக்கில் வரைபடப் படிப்புக்குப் போவேன் என்றாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் அவளுக்கு உட்கார ஸ்டூல் இல்லை, நின்றுகொண்டே வரைந்தாள். மறுநாள் தானே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுக்கொண்டாள். குஷாய்குடாவில் சர்க்காரின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வந்தபோது அங்கே வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. கருவிகளைத் தாங்கும் சட்டம், மடங்கித் திறக்கும் கதவு, கீல், இப்படி எதையெதையோ வரைவது வேலை. எது எங்கே மடங்கும், மடங்கினால் எது எதில் இடிக்கும் என்று யோசித்து யோசித்தே சம்பளம் வாங்கினாள்.

கணவர் சுந்தரேசனுக்கு ஏ.ஜி. ஆபீசில் வேலை. சாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். அதற்குப் பிறகு எந்த வண்டியின் கைப்பிடியையும் தொட்டதில்லை. அதனால்தான், பம்பாய்க்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து இரண்டு கதவு வெள்ளை ஹெரால்ட் காரை வாங்கியபோது ஓட்டக் கற்றுக்கொண்டது கல்பகம். கார் அவள் பேரிலேயே இருந்தது. எழுபத்துமூன்றாம் வருஷம். தெருவில் அவளைத் தவிர வேறு எந்தப் பெண்ணும் காரோட்டவில்லை.

ஷிஃப்ட் பஸ்ஸில் நெரிசலில் நசுங்கிப் போவானேன் என்று, கூட வேலை பார்த்த மூன்று பெண்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு போனாள். முன் சீட்டில் எப்போதும் லலிதாம்பாள். ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை, கல்பகத்தைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் ஓயாது. தொழிற்சாலை வாசலில் அந்தக் காருக்கு லேடீஸ் ஸ்பெஷல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான். கல்பகத்துக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினாள். பிறகு ஓர் ஆடி மாதத்துச் சாயங்காலம், வேலை முடிந்து திரும்பும்போது, மௌலாலி மலையைச் சுற்றி வரும் வளைவில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பாதி போயிருக்கையில் ஓர் எருமை ரோட்டில் இறங்கியது. கல்பகம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. காரின் பின்பக்கம் யாரோ அடியில் கைகொடுத்துத் தூக்கியதுபோல் எழும்பியது. அவள் உடம்பே சீட்டைவிட்டு எழும்பியது. அடுத்த கணம் பின்பக்கம் வெளியே வீசியது, வானம் பக்கவாட்டில் வந்தது, கார் கூரை கீழாகக் கிடந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்று வேடிக்கை பார்த்தது.

லலிதாம்பாளுக்கு இடது முன்கை முறிந்தது. பின்னாலிருந்த இருவருக்கும் ஊமைக்காயம். கல்பகத்துக்கு நெற்றியில் வெட்டு. ஓடிவந்து காரைப் புரட்டி நிறுத்தியவர்களில் ஒரு பெரியவர், "கைக்கு மா? கர் மே ஆத்மி லோகா(ன்) நை க்யா?" என்றார். ஏனம்மா, வீட்டில் ஆம்பளைகள் இல்லையா என்று. முகத்தில் ரத்தம் வழிய நின்றவளுக்கு அந்தக் கேள்வி வெட்டுக்காயத்தைவிட அதிகமாக எரிந்தது.

அந்த வாரமே சுந்தரேசனின் அண்ணா ஜகதீசன் வீட்டுக்கு வந்தார். பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி, இரண்டு தெரு தள்ளி வீடு, சொந்தமாக ஃபியட் வைத்திருப்பவர். கார் விஷயத்தில் அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நல்ல மனிதர்தான், சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்ததும் அவர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் தப்புச் செய்தால் அதை எடுத்துச் சொல்வது மகா கஷ்டம்.

"நாச்சாரத்துல ஃபாக்டரி வெச்சிருக்கறவன் ஒருத்தன் கேக்கறான். தட்டிக் கொட்டி பெயிண்ட் அடிச்சுட்டா எடுத்துக்கறேங்கறான். தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

"நான் விக்கறதா இல்லைண்ணா."

"இன்னிக்கு லலிதாம்பாளுக்குக் கை. நாளைக்கு ஒரு உயிர் போனா?"

"ஓட்டினது நான்தான், இல்லைங்கலை. ஆனா நான் தப்பா ஒண்ணும் பண்ணலை. வண்டி தானா எழும்பித்து. என்னையே சீட்டுலேர்ந்து தூக்கித்து."

ஜகதீசன் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சுந்தரேசன் பேப்பரில் மூழ்கியிருந்தார். ஒரே பக்கத்தை அவர் எவ்வளவு நேரமாகப் படிக்கிறார் என்பது கல்பகத்துக்குத் தெரியும். அண்ணா சொன்னதைவிட அந்தப் பேப்பர்தான் அவளுக்கு அதிக ஆத்திரத்தைக் கிளப்பியது.

"கூடம் கோணலா இருந்தா கோணல்னுதான் சொல்லணும்" என்றாள். "இருக்கா இல்லையான்னு அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

கார் போனால் போகட்டும் என்று அவளால் விட்டிருக்க முடியும். பஸ் இருக்கிறது. ஆனால் கவிழ்த்தவள் என்ற பெயரோடு கார் போனால் அந்தப் பெயர் மட்டும் அவளிடம் தங்கிவிடும். இனி அந்தத் தெருவில் எந்தப் பெண் சாவியைக் கையில் எடுத்தாலும் கல்பகத்தை உதாரணம் காட்டி அதைப் பிடுங்கி வைப்பார்கள். அதற்கு அவள் தயாராக இல்லை.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டுவிட்டு நாச்சாரத்தில் கார் நின்றிருந்த கராஜுக்குப் போனாள். ஹெரால்டின் கூரையைக் கழற்றி வைத்து ஒருவன் உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தான். கல்பகம் கூரையைப் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால் தள்ளிப் போய்த் தரையில் குந்தி உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த கார்தான்; ஆனால் இப்படி யாரும் பார்ப்பதில்லை. பின்சக்கரம் இரண்டும் நேராக நிற்கவில்லை. மேல்பக்கம் வெளியே விரிந்து, அடிப்பக்கம் உள்ளே கூடி நின்றன. முழங்கால் அகன்று பாதம் சேர்ந்து நிற்பார்களே வளைகால்காரர்கள், அந்த நிலை. ஒரு நூலில் பூட்டைக் கட்டி டயரின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள். நூல் மேலே டயரைத் தொட்டது; கீழே டயர் நூலைவிட்டு மூன்று விரற்கடை உள்ளே போயிருந்தது. கூடம் கோணல்தான்.

அன்று சாயங்காலம் வரைபலகையில் அதை வரைந்தாள். மற்றக் கார்களில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே குறுக்கு அச்சு தாங்கும். கார் மேலே எழும்பினாலும் கீழே அழுந்தினாலும் சக்கரம் நேராகவே நிற்கும். ஹெரால்டில் அந்த அச்சு இரண்டு பாதி. நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் பெட்டியின் இரண்டு பக்கமும் கீல் வைத்ததுபோல் அவை மடங்கும். கார் தாழ்ந்தால் சக்கரங்கள் காலை அகட்டிக்கொள்ளும். கார் உயர்ந்தால் காலைச் சேர்த்துக்கொள்ளும். காலை அகட்டி நிற்பவனைத் தள்ளுவது கஷ்டம். இரண்டு பாதத்தையும் ஒட்டி நிற்பவனைச் சின்னக் குழந்தை இடித்தாலும் தடுமாறுவான். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் கனம் முன்பக்கம் போய்ப் பின்பக்கம் லேசாக எழும்பும். எந்தக் காரும் எழும்பும். ஆனால் ஏற்கெனவே காலைச் சேர்த்துக்கொண்டு நிற்கும் கார் எழும்பினால், வெளிப்பக்கத்துச் சக்கரம் உடம்புக்கு அடியில் மடங்கிப்போகும். அப்புறம் கவிழாமல் என்ன செய்யும்?

அது சரி, கார் ஏன் அவ்வளவு உயரத்தில் நின்றது? பென்சிலைக் கீழே வைத்ததும் அவளுக்கு நினைவு வந்தது. வெயில் காலத்தில் போன திருப்பதி.

சின்னது பெரிதாகப் பத்துப் பேர் அந்தக் காரில் திருப்பதி போனார்கள். கூரைமேல் படுக்கை, டிக்கியில் புளியோதரைத் தூக்கு. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஜகதீசன் காரைச் சுற்றி வந்து, "பின்னாடி தொங்கறது, பாக்க நன்னாவே இல்லை. ரெண்டு பட்டை கூடப் போடு" என்றார். பின்சக்கரங்களுக்குக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்தான் அந்தக் காரின் ஸ்பிரிங். இரண்டு பட்டை கூடச் சேர்ந்ததும் கார் விம்மி எழும்பி நின்றது. கனம் தாங்கத்தான் போட்டார்கள். ஆனால் திருப்பதி போய் வந்தபிறகு யாருக்கும் அதைக் கழற்ற மனம் வரவில்லை. கார் வாலைத் தூக்கி நிற்பது அந்த ஊரில் ஒரு கௌரவம். வால் தாழ்ந்து நின்றால் ஏதோ நொடித்துப்போன குடும்பத்தின் கார் என்று பார்ப்பார்கள். "ஜல்லிக்கட்டுக் காளை மாதிரின்னா நிக்கறது!" என்று ஜகதீசன் பூரித்துப் போனார். கல்பகமும் அன்றைக்குச் சிரித்தாள். அவளுக்கும் அந்த உயரம் பிடித்துத்தான் இருந்தது.

அட்டையை வெட்டி, வரைபட ஊசியால் கீல் வைத்து, சுந்தரேசனிடம் காட்டினாள். அட்டைக் காரைத் தூக்கினால் அட்டைச் சக்கரங்கள் காலைச் சேர்த்துக்கொண்டன. சுந்தரேசன் நாலைந்து தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தார். குழந்தை பொம்மையை வைத்து விளையாடுவதுபோல் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது.

"அன்னிக்கு நானும் அந்தக் கார்லதான் திருப்பதி போனேன்" என்றார்.

"பத்துப் பேர் கனம் அமுக்கிண்டிருந்தது, அதனால தப்பிச்சோம். நாலு பேரோட போறச்சேதான் எமன்."

ஜகதீசன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவரிடம் அட்டையைக் காட்டவில்லை கல்பகம். அட்டையைக் காட்டினால் அட்டையில் குற்றம் கண்டுபிடிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, வண்டில கோளாறு ஒண்ணும் இல்லைதானே?"

"கோளாறென்ன? கல்லு மாதிரி இருக்கு."

"அப்போ நீங்க ஓட்டுங்கோ. அதே வளைவு, அதே அம்பது. பாதி வளைவுல காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கணும். நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"வண்டி நல்ல வண்டிங்கறேள். ஓட்டறது ஆம்பளை. அப்புறம் என்ன பயம்?"

ஜகதீசனுக்கு முகம் சிவந்தது. "ஏட்டிக்குப் போட்டி பேசாதே, கல்பகம். வாங்கறவன் தயாரா இருக்கான். அவன் ஓட்டிப்பான்."

"அவன் பெண்டாட்டி குழந்தைகளை ஏத்திண்டு அதே வளைவுலதானே வருவான்? வித்த பாவம் யாருக்கு? எனக்குத் தெரிஞ்சப்புறம் நான் விக்க மாட்டேன்."

பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. "விக்க வேண்டாம்ணா" என்றார் சுந்தரேசன். கல்யாணமாகி வந்த நாளாக அண்ணாவுக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கல்பகம் கேட்டதில்லை. பேப்பரைக் கீழே வைத்தார். "தீபாவளி வரைக்கும் பாப்போம். சரியாகலைன்னா அப்புறம் நீங்க சொல்றபடி."

தீபாவளி வரை. கல்பகம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், ரயில் பெட்டிகளின் ஸ்பிரிங் வேலை செய்யும் பிரிவில் சூசைராஜ் என்று ஒருவர் இருந்தார். திருச்சி பொன்மலைக்காரர். ஒழிந்த நேரங்களில் மெட்டுகுடாவில் மைத்துனர் வைத்திருந்த பட்டறையில் லாரிகளுக்குப் பட்டை கட்டுவார். அப்பாவின் பழைய ரயில்வே சிநேகம் மூலம் கல்பகம் அவரிடம் காரைக் கொண்டுபோனாள். கூடச் சேர்த்த இரண்டு பட்டையையும் கழற்ற வேண்டும், மிச்சப் பட்டைகளின் வளைவையும் குறைத்துக் காரை இன்னும் தாழ்த்த வேண்டும் என்றாள்.

சூசைராஜ் கையைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தொங்கிப்போன பட்டைய நிமித்திக் குடுங்கன்னு ஊரே வருதுங்கம்மா. நிமிந்து நிக்கிறத தொங்க விடுங்கன்னு இன்னிவரைக்கும் யாரும் வந்ததில்ல. இத நான் செஞ்சேன்னு வெளிய தெரிஞ்சா எவன் என்கிட்ட வேலை குடுப்பான்?"

"கல்பகம்தான் செய்யச் சொன்னான்னு சொல்லுங்கோ. ஏற்கெனவே கெட்டுப்போன பேருதானே, இன்னும் கொஞ்சம் கெடட்டும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு நூலையும் பூட்டையும் வாங்கித் தானே தொங்கவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். பின்ஸ்பிரிங்கை இளக்கினால் வளைவில் கார் தொட்டில் மாதிரி சாயும், அந்தச் சாய்வை யார் பிடிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கல்பகம் அதற்கும் வரைந்துகொண்டு வந்திருந்தாள். முன்சக்கரம் இரண்டையும் குறுக்கே பிணைத்து ஒரு வளைந்த கம்பி போகும். ஒரு பக்கம் அழுந்தினால் அது முறுக்கிக்கொண்டு மறுபக்கத்தையும் இழுக்கும், கார் சாயாது. அந்தக் கம்பியை இன்னும் பருமனாகப் போட்டால் சாய்வை முன்பக்கம் தாங்கிக்கொள்ளும். பின்பக்கம் தரையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். எவ்வளவு பருமன் என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் கணக்கில் வந்தது அவருக்கு மெல்லிசாகப் பட்டது. அவர் சொன்னது அவளுக்குத் தடியாகப் பட்டது. முதலில் அவர் சொன்ன தடிக் கம்பியைப் போட்டார்கள். கார் வளைவில் திரும்பவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அப்புறம் அவள் சொன்னதைப் போட்டார்கள், சாய்ந்தது. கடைசியில் நிலைத்தது இரண்டுக்கும் நடுவே ஒன்று. யார் சொன்னது சரி என்று இன்றுவரை இருவருமே சண்டை போடலாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் சூசைராஜ் காருக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் சேஸிஸ் முழுதும் தட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் சத்தம் மங்கலாக வந்தது. காரின் உடம்பைத் தாங்கும் சட்டத்தின் ஒரு கை, கவிழ்ந்த அதிர்ச்சியில் விரிசல் விட்டிருந்தது. "எலும்பு ஒடிஞ்சு கெடக்கு, நீங்க சதைக்கு வைத்தியம் பாக்குறீங்க" என்றார். விரிசலைப் பற்றவைத்து, மேலே தகடு போட்டு, உடம்பைச் சட்டத்தோடு இணைக்கும் போல்டுகளையெல்லாம் புதிதாகப் போட்டு இறுக்கினார்கள். ஷாக் அப்ஸார்பர் நாலையும் மாற்றினார்கள். டயரில் காற்றையும் கல்பகம் தன் இஷ்டத்துக்கு, முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் வைத்தாள். பெட்ரோல் பங்க் பையன் அவளைத் திருத்தப் பார்த்தான். "நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கான ஒரே உருது வார்த்தையில் அவனை நிறுத்தினாள்.

கார் வீட்டுக்கு வந்தபோது தெருவே சிரித்தது. பின்பக்கம் தாழ்ந்து, சக்கரங்களின் மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்து, அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது ஹெரால்ட். எதிர்வீட்டுக்காரர் டிக்கியில் ஏதாவது பாரம் இருக்கிறதா என்று கேட்டார். பள்ளத்தில் விழுந்தால் அடியில் இடித்து முதுகெலும்பில் குத்தியது, அதுவும் உண்மை. எல்லாச் சுகமும் ஒரே காரில் கிடைக்காது. ஜகதீசன் காரைச் சுற்றி வந்து, "முதுகு ஒடிஞ்ச கழுதை. இதுல இனிமே திருப்பதி போனாப்பலதான்" என்றார்.

"திருப்பதிக்கு ரயில் இருக்குண்ணா. இந்தக் கார்ல இனிமே நாலு பேர்தான்."

அதற்காக, திருப்பதிக்குக் கூட வந்திருந்த நாத்தனார் ஆறு மாதம் பேசவில்லை. கல்பகம் அதையும் சகித்துக்கொண்டாள்.

பரீட்சை தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில். தனியாக ஓட்டிக் காட்டினால் போதாது, அன்றைக்கு இருந்த அதே கனம் வேண்டும், மூன்று பேர் ஏற வேண்டும் என்றாள் கல்பகம். மௌலாலி வளைவுக்குச் சற்று முன்னால், ரோட்டோரம் வேப்பமர நிழலில் கூட்டம் நின்றது: ஜகதீசன் தன் ஃபியட்டில் சாய்ந்தபடி, பக்கத்தில் சுந்தரேசன், சைக்கிளில் வந்த சூசைராஜ். லலிதாம்பாளும் வந்திருந்தாள், அவள் கணவர் நடேசனோடு. கட்டுப் பிரித்திருந்தாலும் கையை இன்னும் துணியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தாள். அவள் வந்தது கல்பகத்துக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எப்படி ஓட்டுவது?

"யார் வரேள்?" என்றாள்.

"நான் கட்டின பட்டை, நான் உக்காராம யாரு உக்காருவா?" என்று சூசைராஜ் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மற்றவர்கள் நின்றார்கள். ஜகதீசன் மலையைப் பார்த்தார். சுந்தரேசன் அண்ணாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஜேபியிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். கல்பகம் யாரையும் கெஞ்சவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஏதோ உடைந்தது. அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவர், விக்க வேண்டாம் என்று சொன்னவர், இங்கே வந்து கண்ணாடி துடைக்கிறார்.

முன்பக்கத்துக் கதவு திறந்தது. லலிதாம்பாள் நல்ல கையால் புடவையைக் கூட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

நடேசன் பதறிப்போனார். "என்னடி பண்றே? பட்டது போறாதா? இறங்கு!"

"கை ஒடிஞ்சது எனக்கு. பயப்படலாமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். நீங்க நிழல்ல நில்லுங்கோ" என்றாள் லலிதாம்பாள். கதவை அடித்துச் சாத்தினாள்.

அந்தச் சத்தத்தில்தான் சுந்தரேசனுக்குக் கால் வந்திருக்க வேண்டும். ஓடி வந்து கல்பகத்தின் பக்கத்துச் சீட்டை மடக்கிப் பின்னால் சூசைராஜின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கல்பகம் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்ததோடு சரி.

வண்டியைக் கிளப்பினாள். மூன்றாவது கியர், நாற்பது, ஐம்பது, முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. வளைவு வந்தது. அவள் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பயமாக இருந்தது, பயமில்லை என்று யார் சொன்னாலும் பொய். பாதி வளைவில், அன்றைக்கு எருமை நின்ற இடத்தில், காலைத் தூக்கினாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள். ஒரு கணம் பின்பக்கம் எழும்பப் பார்த்தது. அவள் அடிவயிறு அதைக் கண்டுகொண்டது. ஆனால் எழும்பவில்லை. டயர்கள் நான்கும் நீளமாகக் கத்தின. கார் தரையைக் கவ்விக்கொண்டு, சொன்ன பக்கம் சொன்னபடி திரும்பி, வளைவின் மறுபுறம் வந்து நேராக ஓடியது.

"அய்யோ, அய்யோ" என்று லலிதாம்பாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பின்னாலிருந்து சூசைராஜ், "இன்னொரு தபா போங்கம்மா" என்றார்.

இன்னொரு தடவை போனாள். அதற்கு மேலும் ஒரு தடவை, இன்னும் வேகமாகப் போனாள். அப்புறம் வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்லோரும் இறங்கினார்கள்.

நடேசன் ஓடிவந்து லலிதாம்பாளின் கையைத் தடவிப் பார்த்தார். ஜகதீசன் மெதுவாக நடந்து வந்தார். காரைப் பார்த்தார். வால் தாழ்ந்த அந்தக் காரை, உள்ளே சாய்ந்த சக்கரங்களை, நன்றாகவே பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று கல்பகத்துக்கு அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆமாம் கல்பகம் என்று. அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

"வேகம் பத்தலை. அன்னிக்கு நீ இன்னும் வேகமா வந்திருப்பே" என்றார் ஜகதீசன்.

கல்பகத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்காக இவ்வளவு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோமே என்றுதான் இருந்தது. அந்த வார்த்தை இனி வேண்டாம் என்று தோன்றியது. பின்கதவு இல்லாத அந்தக் காரில் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டை முன்னால் மடக்கிப் பிடித்தாள்.

"ஏறுங்கோண்ணா. எவ்வளவு வேகம்னு நீங்களே பின்னாலேர்ந்து சொல்லுங்கோ."

"எனக்கு முழங்கால் வலி. இதுக்குள்ள மடங்கி உக்கார முடியாது."

"சரி" என்றாள் கல்பகம். சீட்டைத் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலம்பற ஆபீசுக்கு இதே வளைவுலதான் போவேன். நாளன்னிக்கும் போவேன். தினம் போவேன். வேகம் பத்தலைன்னு தோணித்துன்னா நீங்க தினம் இங்க வந்து நின்னு பாருங்கோ."

மறுநாள் போனாள். தினமும் போனாள். ஜகதீசன் ஒரு நாள்கூட வந்து நிற்கவில்லை.